‘எஸே’ யாரைச் சுட்டுகிறது?

அமெரிக்காவின் தென்மேற்கில், மெக்சிகோ வழிவந்த சிக்கானோ இளைஞர்கள் கூடுமிடத்தில் ‘ஓராலே, எஸே’ என்ற குரல் அடிக்கடி கேட்கும். ‘சரிடா மச்சான்’ என்ற தொனி. 1993இல் வந்த ‘பிளட் இன் பிளட் அவுட்’ போன்ற படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ‘எஸே’ பழக்கமாகியிருக்கும்.

இதற்கு ஒரு கதை சொல்வார்கள். ‘எஸ்’ எழுத்துக்கு ஸ்பானியத்தில் பெயரே ‘எஸே’. கலிபோர்னியச் சிறைகளில் ‘சுரேன்யோ’, அதாவது தெற்கத்தியார், என்றொரு கூட்டம் உண்டு. அவர்கள் பெயரின் முதலெழுத்துதான் விளியாகிவிட்டதாம். கேட்கச் சுவையான கதை, ஆனால் காலக்கணக்கு உதைக்கிறது. தெற்கத்தியார், வடக்கத்தியார் என்று சிறைக் கூட்டங்கள் பிளந்தது 1960களின் பிற்பகுதியில். எஸேயோ 1940களின் பச்சூக்கோக்கள் பேச்சிலேயே புழங்கியது. தொளதொள கால்சட்டையும் முழங்காலைத் தொடும் கோட்டுமாகத் திரிந்த இந்த இளைஞர்களைத்தான் 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் அமெரிக்கக் கடற்படையினர் தேடித் தேடி அடித்தார்கள். காலக்கணக்கைவிட வலுவான சான்று இலக்கணத்தில் இருக்கிறது. பெண்ணைக் கூப்பிடும்போது ‘எஸா’ என்கிறார்கள். எழுத்தின் பெயர் ஆளுக்கேற்பப் பால் மாறாது, சுட்டுப்பெயர்தான் மாறும்.

ஸ்பானியத்தில் சுட்டு மூன்று: பேசுபவர் பக்கம் இருப்பது ‘எஸ்தே’, கேட்பவர் பக்கம் இருப்பது ‘எஸே’, இருவருக்கும் எட்டத்தில் இருப்பது ‘அகேல்’. இன்றும் ‘உது, உவன்’ என்று பேசும் யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கவே வேண்டாம். பழைய ஸ்பானியக் கடிதங்களில் ‘எஸ்தா’ என்றாலே எழுதுபவரின் ஊர், ‘எஸா’ என்றால் பெறுபவரின் ஊர். ஊர்ப்பெயரை எழுதவே தேவையில்லை. கேட்பவர் பக்கத்தைச் சுட்டும் சொல்லே கேட்பவரைக் கூப்பிடும் சொல்லாகிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. பெயர் வாயில் வராதபோது ‘டேய் இவனே’ என்று நாம் கூப்பிடுவதில்லையா?

இன்னும் பின்னால் போனால் இலத்தீன். அங்கே கேட்பவர் பக்கச் சுட்டு ‘இஸ்தே’. நீதிமன்றத்தில் எதிராளியைச் சுட்டிச் சுட்டி அதில் இளக்காரம் ஏறிப்போனது. கி.மு. 70இல், சிசிலியைச் சுரண்டிய ஆளுநர் வெர்ரஸ்மீது வழக்காடிய சிசரோ, அவனை ‘இஸ்தே’ என்று சொல்லிச் சொல்லியே குத்தினார். பிறகு அண்மைச் சுட்டான ‘ஹிக்’ தேய்ந்து மறைந்தது. அந்த இடத்துக்கு இஸ்தே நகர்ந்து எஸ்தே ஆயிற்று. காலியான நடு இடத்தில், ‘தானே’ என்று பொருள்பட்ட ‘இப்ஸே’ வந்து உட்கார்ந்து எஸே ஆனது. சொல் மாறியும் இளக்காரம் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. ‘எல் தீப்போ எஸே’ என்று பெயருக்குப் பின்னால் எஸேயை வைத்துப் பாருங்கள், ‘அந்த ஆளா?’ என்று மூஞ்சியைச் சுளிக்கிற மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட சொல்லைத்தான் சிக்கானோக்கள் தோழமை விளியாக்கிக்கொண்டார்கள்.

மற்றச் சுட்டுகளும் பேச்சில் சும்மா இல்லை. மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ‘எஸ்தே...’ என்று இழுத்தால் நம் ‘அது வந்து...’தான். ‘எஸோ!’ என்று கத்தினால் ‘அப்படிப் போடு!’

எஸேயின் பன்மையில் ஒரு வேடிக்கை உண்டு. இலக்கணப்படி ‘எஸோஸ்’ என்று வரவேண்டியது, அமெரிக்கத் தெருவில் ‘எஸேஸ்’ ஆகிவிட்டது. அந்த அளவுக்கு அது சுட்டு என்பதே மறந்து பெயராக இறுகிவிட்டது. ஆனால் இது ஸ்பானியம் முழுவதற்கும் பொதுச் சொத்து அல்ல. மாட்ரிட்டில் நண்பனைக் கூப்பிட ‘தீயோ’, அதாவது மாமா, என்பார்கள். அங்கே போய் எஸே என்றால் படம் பார்த்துப் பேசுகிறீர்கள் என்று சிரிப்பார்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் சிரிக்கக்கூட மாட்டார்கள்.