ஒரு பிடி அரிசி: கடவுளை மகிமைப்படுத்துவது என்றால் கிறிஸ்தவர்களுக்கு என்ன அர்த்தம்?

மிசோரமில் பல வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பழக்கம் உண்டு. சமையலுக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, அடுப்பங்கரையில் தனியாக இருக்கும் ஒரு பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். மீதிதான் சோறாகும். அந்தப் பிடி திருச்சபைக்கு.

இதற்கு மிசோ மொழியில் 'புஃபாய் தாம்' என்று பெயர். நம்ம ஊர்ச் சொல்லில் பிடியரிசி. 1910-ல் தொடங்கிய இந்தப் பழக்கம் நூற்றாண்டைக் கடந்தும் தொடர்கிறது.

'தேவனை மகிமைப்படுத்துங்கள்' என்ற வார்த்தையைத் தேவாலயங்களில் அடிக்கடி கேட்கலாம். பாடுவதும் ஜெபிப்பதும் மட்டும்தான் அதன் பொருளா? அன்றாட வாழ்க்கையில் அது எப்படி இருக்கும்? இந்த ஒரு பிடி அரிசியை வைத்தே பார்க்கலாம்.

'மகிமை' என்ற சொல்லின் பொருள் என்ன?

பைபிளின் பழைய ஏற்பாட்டில் மகிமையைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'காவோத்'. அதன் வேர்ப்பொருள் எடை, பாரம். தமிழிலும் இதே முடிச்சு இருக்கிறது. 'கனம்' என்றால் எடை, மரியாதை என இரண்டுமே. பெற்றோரைக் 'கனம்பண்ண'ச் சொல்லும் கட்டளையில் எபிரேய மூலத்தில் இருப்பதும் இதே வேரிலிருந்து வந்த சொல்தான்.

அப்படியென்றால், மகிமைப்படுத்துவது என்பது கடவுளுக்குப் புதிதாக எதையோ கூட்டிக் கொடுப்பதல்ல. நம் முடிவுகளில் அவருக்கு எவ்வளவு எடை கொடுக்கிறோம் என்பதுதான்.

இது அன்றாட வாழ்க்கைக்குள் எப்படி வந்தது?

கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 10-ம் அதிகாரத்தில், சாப்பிட்டாலும் குடித்தாலும் எதைச் செய்தாலும் கடவுளின் மகிமைக்காகச் செய்யும்படி பவுல் சொல்கிறார். சந்தையில் விற்கும் இறைச்சியைச் சாப்பிடலாமா, கூடாதா என்ற சண்டையின் நடுவே வரும் வரி அது. அதாவது ஆரம்பத்திலிருந்தே இது சாப்பாட்டுத் தட்டு சம்பந்தப்பட்ட விஷயம்.

பிறகு ஒவ்வொரு மரபும் இதைத் தன் வழியில் எடுத்துக்கொண்டது. 6-ம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட், மடத்தின் சாதாரணப் பாத்திரங்களையும் பலிபீடப் பாத்திரங்களைப் போல நடத்தச் சொன்னார். செருப்புத் தைப்பதும் வீட்டு வேலை செய்வதும்கூடக் கடவுள் கொடுத்த அழைப்புதான் என்றது மார்ட்டின் லூதரின் சீர்திருத்த மரபு. 1647-ல் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடையில் மொத்தம் 107 கேள்விகள். மனிதன் எதற்காக வாழ்கிறான் என்பது முதல் கேள்வி. கடவுளை மகிமைப்படுத்தி, அவரில் மகிழ்ந்திருப்பதற்காக என்பது அதற்கான பதிலின் சாரம்.

மிசோரமின் பிரஸ்பிட்டேரியன் சபை இந்தக் கடைசி மரபிலிருந்து வந்தது.

மிசோரமில் இது எப்படித் தொடங்கியது?

லுஷாய் மலைகள் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தப் பகுதிக்கு 1894-ல் லோரெய்ன், சாவிட்ஜ் என்ற இரு மிஷனரிகள் வந்தார்கள். அடுத்து வேல்ஸிலிருந்து பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகள் வந்தார்கள். மலைச்சரிவில் காட்டெரிப்பு விவசாயம் செய்த மக்களின் கையில் காசுப் புழக்கம் குறைவு. இருந்தது அரிசி. அதனால் காணிக்கையும் அரிசியாகவே வந்தது.

அது வளமான காலமும் அல்ல. 1911-12-ல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, பயிர் அழிந்து, 'மவுதாம்' என்ற பஞ்சம் வந்தது. பழக்கம் தொடங்கிய மறு ஆண்டே இந்தச் சோதனை.

ஒரு பிடியால் என்ன ஆகிவிடும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வேளை சமைத்தால் நாளுக்கு 100 கிராம். வருடத்துக்கு 36.5 கிலோ. ஆயிரம் வீடுகள் என்றால் 36.5 டன். இது நாம் போட்ட உதாரணக் கணக்குதான். ஆனால் சிறு துளி எப்படிச் சேர்கிறது என்பது புரியும்.

சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் வாங்கி வருவார்கள். அது விற்கப்பட்டு, பணம் சபையின் ஊழியங்களுக்குப் போகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மிசோரமின் மக்கள்தொகை 10.97 லட்சம். அதில் 87.16% பேர் கிறிஸ்தவர்கள். தேசிய அளவில் கிறிஸ்தவர்கள் 2.3% மட்டுமே.

பிடியரிசி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் முன்னெடுத்த பிடியரிசித் திட்டம் தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும்.

நேர்மையும் இதில் சேருமா?

சேரும் என்பதே பெரும்பாலான சபைகளின் பதில். மிசோரமின் செலிங் பகுதி நெடுஞ்சாலையில் கடைக்காரர் இல்லாத காய்கறிக் கடைகளைப் பார்க்கலாம். விலை எழுதியிருக்கும், பக்கத்தில் ஒரு டப்பா இருக்கும். காசைப் போட்டுவிட்டுக் காயை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

ஆனால் முழுப் பெருமையையும் மதத்துக்கே கொடுத்துவிட முடியாது. தன்னலம் பாராமல் அடுத்தவருக்கு உதவும் 'த்லாம்ங்காய்னா' என்ற மிசோ அறம் கிறிஸ்தவத்துக்கும் முந்தையது.

இதில் கேள்விகளே இல்லையா?

இரண்டு இருக்கின்றன.

முதலாவது, விருப்பம் எங்கே முடிந்து கட்டாயம் எங்கே தொடங்குகிறது? ஐஸாலில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சபைகளின் ஆதரவோடு 1995-ல் மதுவிலக்குச் சட்டம் வந்தது. 2014 சட்டம் அதைத் தளர்த்தியது. 2019-ல் மதுவிலக்கு மீண்டும் வந்தது. ஒருவர் மனதாரச் செய்யும்போது அது பக்தி. சட்டத்துக்கும் அக்கம்பக்கத்தாரின் பார்வைக்கும் பயந்து செய்தால் அது வேறு.

இரண்டாவது, யார் சுமக்கிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள்? அரிசியை எடுத்து வைப்பதும் சேகரிப்பதும் பெண்கள். ஆனால் இந்தச் சபையில் போதகர், மூப்பர் பொறுப்புகளுக்கான அபிஷேகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்களுக்கே கிடைத்து வந்திருக்கிறது. மகிமை என்றால் எடை என்று பார்த்தோம். அந்தப் பெண்களின் குரலுக்கு என்ன எடை என்று கேட்பதும் அதே கேள்வியின் தொடர்ச்சிதான்.

சுருக்கமாக

அன்றாட வாழ்க்கையில் கடவுளை மகிமைப்படுத்துவது என்றால், இந்த மரபின்படி மூன்று விஷயங்கள்: தனக்குப் பரிமாறும் முன்பே பங்கை எடுத்து வைப்பது; அதைத் தினமும் செய்வது; பெயர் எதிர்பார்க்காமல் செய்வது. பாத்திரத்தில் சேர்ந்த பிறகு எந்தப் பிடி யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.