'வாவ்' என்னும் வியப்புச் சொல்: பொருளும் பயன்பாடும்

ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சுக்குள் வந்து சேர்ந்த சொற்களுள் 'வாவ்' என்பதும் ஒன்று. தொலைக்காட்சி அறிவிப்பாளர் முதல் பாடசாலை மாணவர் வரை பலரும் இதனை எடுத்தாள்கின்றனர். இதன் பொருள் யாவரும் அறிந்ததே போலத் தோன்றினும், எவ்விடத்தில் கூறலாம், எவ்விடத்தில் கூறலாகாது என்பதில் ஆங்கிலம் கற்போர் பலர் இடறுகின்றனர். ஆதலின் இச்சொல்லின் பிறப்பு, ஒலிப்பு, பயன்பாடு ஆகியவற்றைச் சற்று நோக்குவது பயனுடையது.

இது அமெரிக்காவில் பிறந்த சொல் என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. உரோமப் பெருங்கவிஞர் வேர்ஜில் இலத்தீனில் இயற்றிய 'ஈனிட்' காவியத்தை, ஸ்கொட்லாந்துக் கவிஞர் கவின் டக்ளஸ் 1513 இல் ஸ்கொட்ஸ் மொழியில் பெயர்த்து முடித்தார். இச்சொல்லுக்கு அகராதியில் காட்டப்படும் மிகப் பழைய சான்று அப்பெயர்ப்பிலேயே உள்ளது. வியப்பின்போது வாயிலிருந்து தானாக எழும் ஒலியே சொல்லாகி நின்றது எனலாம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கப் பேச்சு வழக்கில் இது பெரிதும் பரவியது. 1920களில், பெரும் வெற்றி பெற்ற ஒன்றைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகவும், அவையோரை மலைக்க வைத்தல் என்னும் பொருளுடைய வினைச்சொல்லாகவும் இது வளர்ந்தது. எனவே ஒரு பாடகி அவையோரை 'வாவ்' செய்தார் என ஆங்கிலத்தில் எழுதுவது பிழையன்று.

ஒலிப்பிலே நம்மவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. தமிழ் வகரம் மேற்பல் கீழிதழோடு பொருந்துவதாற் பிறப்பது. ஆங்கிலச் சொல்லின் முதலொலியோ இரு இதழ்களையும் குவித்து எழுப்பப்படுவது. பல் இதழைத் தொட்டுவிட்டால், சபதம் என்னும் பொருளுடைய வேறோர் ஆங்கிலச் சொல்லாக அது மாறிவிடும். இறுதியிலும் 'வ்' என்று முடியாது, 'ஔ' போன்று இதழ் குவிந்தே முடிய வேண்டும். தமிழ் எழுத்து இவ்வேறுபாட்டைக் காட்டாது. செவியாற் கேட்டுப் பழகுவதே வழி.

பொருளைப் பொறுத்தவரை, 'வாவ்' என்பதற்கு 'ஆஹா' என்று மட்டும் பொருள் கொள்வதே பெரும்பாலான குழப்பத்திற்குக் காரணமாகும். தமிழில் மகிழ்ச்சி கலந்த வியப்புக்கு 'ஆஹா', மலைப்புக்கு 'அடேயப்பா', துயரம் கலந்த அதிர்ச்சிக்கு 'ஐயோ' எனச் சொற்கள் பிரிந்து நிற்கின்றன. ஆங்கிலத்தின் 'வாவ்' இவை மூன்றன் இடத்திலும் வரக்கூடியது. எதிர்பாராத துயரச் செய்தியைக் கேட்கும் ஆங்கிலேயர் ஒருவர் தாழ்ந்த குரலில் 'வாவ்' என்றால், அவர் மகிழ்கின்றார் என்பதன்று. சொல்லிழந்து நிற்கின்றார் என்பதே கருத்து. இதனை அறியாதார், தம் துயரை அவர் எள்ளினார் என்று மனம் நோகக்கூடும். ஆயினும் நாம் ஆங்கிலத்தில் அனுதாபம் தெரிவிக்கும்போது இச்சொல்லைத் தவிர்த்து, 'ஐ ஆம் சோ சொறி' என்று கூறுவதே பாதுகாப்பானது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் வியப்பை 'மருட்கை' என்று வகுத்து, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்வழி அது பிறக்கும் என்றார். மருளுதல் என்பது மனம் தடுமாறுதல். 'அமேஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளும் திகைத்துத் தடுமாறச் செய்தல் என்பதேயாகும். வியப்பு என்பது இன்பமோ துன்பமோ என்று தெளியுமுன் தோன்றும் நிலை என்பதை இரு மொழியாரும் உணர்ந்திருந்தமை கருதத்தக்கது.

இதற்கு அறிவியல் வரலாற்றிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1977 ஓகஸ்ட் 15 இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் இருந்த 'பிக் இயர்' வானொலித் தொலைநோக்கி, விண்ணிலிருந்து 72 வினாடிகள் நீடித்த வலுவான சமிக்ஞை ஒன்றைப் பதிவு செய்தது. சில நாட்களின் பின் அச்சுத்தாளைப் பரிசீலித்த வானியலாளர் ஜெரி எமன், அதன் ஓரத்தில் சிவப்பு மையால் 'வாவ்' என்று எழுதினார். இன்றும் அது 'வாவ் சமிக்ஞை' என்றே வழங்குகின்றது. அச்சமிக்ஞை மீண்டும் பதிவாகவில்லை; வேற்றுலகோர் அனுப்பியது என்று நிறுவப்படவுமில்லை. அவர் எழுதியது ஒரு முடிவன்று, வியப்பு மட்டுமே.

எழுத்தில் இச்சொல்லைக் கையாள்வோர் மேலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பேச்சில் குரல் பொருளைக் காட்டிவிடும். மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ குரல் இல்லை. தனித்து நிற்கும் 'வாவ்' ஏளனமாகவும் படிக்கப்படலாம். எதைக் கண்டு வியந்தோம் என்பதை அடுத்து ஒரு வாக்கியத்தால் விளக்கினால் ஐயம் நீங்கும். வேலைக்கான விண்ணப்பம், அலுவலகக் கடிதம், பரீட்சைக் கட்டுரை ஆகியவற்றில் இச்சொல் இடம்பெறலாகாது. அங்கே 'இம்ப்ரெசிவ்', 'ரிமார்க்கபிள்' போன்ற சொற்களே பொருந்தும். நண்பரிடையே தாராளமாகக் கூறலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் கூறினால் எதற்கும் வியவாதவர் போலாவோம் என்பதை மறத்தலாகாது.