பண்டைத் தமிழர் வேட்டமும் கூட்டுண்ணலும்

வேட்டத்தைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் பலர் அதனை இரண்டில் ஒன்றாகவே வைத்து எண்ணுவர். உழவு தோன்றுமுன் மாந்தர் வயிற்றின் பொருட்டு மேற்கொண்ட தொழில் என்பது ஒன்று. மன்னரும் செல்வரும் பொழுதுபோக்காக ஆடிய விளையாட்டு என்பது மற்றொன்று. சங்கப் பாடல்கள் காட்டும் வேட்டம் இவ்விரண்டனுள்ளும் முற்ற அடங்குவதன்று. ஆண்டு வேட்டத்தின் இன்பம் விலங்கு வீழ்ந்த அளவில் நிறைவதில்லை. சுற்றத்தோடும் தோழரோடும் இரவலரோடும் கூடி உண்ணும் நிலையிலேயே நிறைவு பெறுகின்றது. இதனைச் சில பாடல்களைக் கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். காட்டில் விலங்கு படுப்பதையும் கடலில் மீன் படுப்பதையும் பண்டைப் புலவர் வேட்டம் என்னும் ஒரு சொல்லாலேயே குறித்தனர். கடல்வேட்டம் என்னும் வழக்கு அகநானூற்றிலும் பட்டினப்பாலையிலும் காணப்படுகின்றது. எனவே குறிஞ்சி, முல்லை, பாலை நிலத்து வேட்டுவரையும் நெய்தல் நிலத்துப் பரதவரையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் பொருந்தும்.

பெரும்பாணாற்றுப்படை இருவகை வேட்டத்தைக் காட்டுகின்றது. நள்ளிரவில் நீருண்ண வரும் பன்றியை எதிர்நோக்கிக் குழியுள் ஒடுங்கியிருத்தல் ஒன்று. அது வாய்க்காதாயின், பகற்பொழுதில் நாய்களை ஏவிப் புதர்களை அலைத்து, வேலியில் வலையைத் தொடர்ந்து மாட்டி, முயல்கள் தப்பிச் செல்ல வழியின்றி வளைத்துப் பிடித்தல் மற்றொன்று. பின்னது தனியொருவனால் இயலாதது. வளைப்போரும் வலை காப்போரும் நாய் விடுவோரும் பலராக வேண்டும். அவ்வேட்டத்தின் முடிவைக் கூறுமிடத்துக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஆளும் சொல் ‘கூட்டுண்ணும்’ என்பது. பலர் கூடிப் பெற்றதைப் பலரும் கூடி உண்டனர் என்பது அதனாற் பெறப்படும்.

இனி வேட்டுவன் மனையைக் காண்போம். வீரை வெளியனார் பாடிய புறநானூற்று 320ஆம் பாட்டில், களைத்த வேட்டுவன் முற்றத்துக் கொடி நிழலில் அயர்ந்து உறங்குகின்றான். பார்வை விலங்காக வளர்க்கப்பட்ட பிணையோடு காட்டுக் கலையொன்று கூடி விளையாடுகின்றது. மனையோள் அசைந்தால் கணவன் விழிப்பான். கலையும் பிணையை விட்டு நீங்கும். இவ்விரண்டற்கும் அஞ்சி அவள் இல்லத்துள் நடமாடாதிருக்கின்றாள். மானின் தோலில் உலரும் தினையைக் காட்டுக்கோழி கவர்ந்துண்ணவும் அவள் வாளாவிருக்கின்றாள். மானைக் கொன்று வாழும் குடியில் மானின் இன்பத்திற்கு இடையூறு செய்யலாகாது என்னும் உள்ளம் இருந்தமை இதனாற் புலப்படும். அம்மனையிலேயே பாணன் தன் பெருஞ்சுற்றத்தோடு ஒருங்கிருந்து ஊன் உண்டு தங்கிச் செல்லலாம் என்றும் புலவர் கூறுகின்றார்.

குறுநில மன்னர் ஆடிய வேட்டமும் இம்மரபினின்று விலகவில்லை. வன்பரணர் பாடிய 150ஆம் பாட்டில், வழியிற் களைத்திருந்த இரவலர்முன் வேட்டுவக் கோலத்தில் ஒருவன் தோன்றுகின்றான். தன்னுடன் வந்த இளையர் வந்து சேருமுன்னரே, தானே தீக்கடைந்து ஊனைச் சுட்டுச் சுற்றத்தோடு உண்ணுமாறு கொடுக்கின்றான்; ஆரமும் கடகமும் அளிக்கின்றான்; நாட்டையும் பேரையும் வினவியபோது சொல்ல மறுக்கின்றான். அவன் தோட்டிமலைத் தலைவன் நள்ளி என்பது பின்னரே தெரிகின்றது. அப்புலவரே பாடிய 152ஆம் பாட்டில், யானை முதல் உடும்பு ஈறாக ஐந்துயிரை ஒரே அம்பினால் ஊடுருவ எய்த வல்வில் ஓரி, தன் பெயரைக் கேட்டு நாணி, வேட்டத்திற் பெற்ற மானிறைச்சியையும் மதுவையும் பொன்னையும் வழங்குகின்றான். வில்லாற்றலைச் சொன்ன புலவர் அதனோடு நில்லாமல் கொடையிற் கொண்டுபோய் முடித்தமை கருதத்தக்கது.

இவை பரிசில் வேண்டும் புலவர் கூற்றாதலின் உயர்வுநவிற்சியாகலாம் என ஒருவர் தடை நிகழ்த்தக்கூடும். அத்தடைக்கு அகநானூற்று 30ஆம் பாட்டு விடையாகின்றது. அது பரிசில் கருதிய பாட்டன்று. முடங்கிக்கிடந்த நெடுஞ்சேரலாதன் பாடிய நெய்தற்பாட்டு. பரதவருள் இளையரும் முதியரும் கிளையோடு திரண்டு, உமணர் வண்டியை இழுக்கும் எருதுகள்போல ஒன்றுசேர்ந்து, மீன் நிறைந்த பெருவலையைக் கரைக்கு இழுக்கின்றனர். முதலில் இரந்தோரின் வெறுங்கலங்களை நிறைக்கின்றனர். அதன் பின்னரே மீனைப் பல கூறாக்குகின்றனர். விலை கூறி விற்கின்றனர். இறுதியில் மணல்மேட்டில் உறங்குகின்றனர். கொடை, பங்கு, விற்பனை, ஓய்வு என்னும் இவ்வரிசை தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. இரப்போர்க்கும் வாரி வழங்கும் துறைக்கு உரிய தலைவன், தலைவியை ஒருநாள் வந்து நலம் வினவும் ஒரு சொல்லையும் வழங்கவில்லையே என்பது தோழி கூற்றின் உட்பொருள். பரதவர் கொடை எல்லாரும் அறிந்த வழக்காக இருந்தாலன்றி இக்குறிப்பு கேட்போர்க்கு விளங்காது.

பலர் கூடிக் கரையினின்று இழுக்கும் கரைவலை இன்றும் தமிழகக் கடற்கரையிலும் ஈழக் கடற்கரையிலும் வழக்கில் உள்ளது. அப்பாட்டிற் கூறு என்னும் பொருளில் வரும் ‘பாடு’ என்னும் சொல்லை, கிடைத்த மீனைக் குறிக்கும் ‘மீன்பாடு’ என்னும் இக்கால வழக்கோடு ஒப்புநோக்கலாம். ஓய்வுநாளும் கூடிக் களிக்கும் நாளே. முழுமதி நாளில் கடல்வேட்டம் செல்லாத பரதவர், சுறவின் கொம்பை நட்டு வழிபட்டு, தம் மகளிரோடு உண்டும் ஆடியும் மகிழ்ந்தமையைப் பட்டினப்பாலை கூறும்.

இம்மரபு பிற்காலத்தும் அறவே அற்றுப்போகவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திண்ணனார் வேட்டையில் வேடர் கூட்டமாகச் செல்கின்றனர். ஓடிய பன்றியைத் தொடர்ந்து நாணன், காடன் என்னும் தோழர் இருவர் திண்ணனாரோடு செல்கின்றனர். யானைக்கன்றைத் தொடராமையும் குட்டிகளைக் கொல்லாமையும் சூல்கொண்ட பிணையை வருத்தாமையும் அவ்வேடர்க்கு நெறியாகச் சொல்லப்படுகின்றன. கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் வள்ளுவர் தனி அதிகாரங்களில் வற்புறுத்திய தமிழுலகில், வேட்டுவரும் தமக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டனர் எனப் புலவர் கண்டது சிறப்புடையது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வாழும் நாம் வேட்டத்தை மீட்க விழைதல் வேண்டா. அந்நெறியை அறிதல் வேண்டும்.

திணைகளை நாகரிகப் படிகளாக அடுக்கி, வேட்டுவரையும் பரதவரையும் கீழ்ப்படியில் நிறுத்தி, பகுத்துண்ணும் பண்பு மருதத்து நெற்களத்தில்தான் பிறந்தது எனக் கொள்ளும் கொள்கையை மீண்டும் ஆராய வேண்டும். அகப்பாட்டின் புலவர், இரந்தோர்க்கு மீன் வழங்கும் பரதவரைப் பெருங்களத்தில் நெல் தொகுத்த உழவர்க்கே ஒப்பிடுகின்றார். ஏற்றத்தாழ்வு அவர் கண்ணிற்குப் படவில்லை. களத்தில் நெல்லும் கரையில் மீனும் காட்டில் ஊனும் பொருளால் வேறாயினும் அவற்றைப் பகுத்த கை ஒருதன்மைத்தே என்பது யாம் கண்ட முடிபாகும்.