பிலிப்பியர் 4:6–7

கவலைக்கு மருந்தாக ஜெபத்தைக் காட்டும் வேதாகமப் பகுதி. அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் உள்ளது. இன்றைய வட கிரேக்கத்திலுள்ள பிலிப்பி, ரோமப் படைவீரர்கள் குடியேற்றப்பட்ட நகரம்.

பின்னணி: பவுல் இதை எழுதியது சிறையிலிருந்து. சிறை இருந்த இடம் ரோமா, எபேசுவா, செசரியாவா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவருக்கு உதவ பிலிப்பி சபை அனுப்பிய எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாய்வரை நோயுற்றிருந்ததையும் நிருபம் கூறுகிறது. ஆகவே இது துன்பம் அறியாதவரின் அறிவுரை அல்ல.

பொருள்: எதற்கும் கவலைப்படாமல், தேவைகளை நன்றியறிதலோடு கடவுளிடம் தெரிவிக்கும்படி பவுல் சொல்கிறார். கவலைப்படுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘மெரிம்னாவோ’. மலைப்பிரசங்கத்திலும் (மத்தேயு 6:25–34) இச்சொல்லே வருகிறது. தம் உடன் ஊழியர் தீமோத்தேயு பிலிப்பி சபைமேல் கொண்ட அக்கறையையும் (பிலிப்பியர் 2:20) பவுல் இதே சொல்லால் பாராட்டுகிறார். எனவே விலக்கப்படுவது பிறர்மீதான கரிசனை அல்ல, மனத்தை அரிக்கும் கலக்கமே.

வாக்குறுதி: வேண்டியது அப்படியே கிடைக்கும் என்று இப்பகுதி சொல்வதில்லை. கடவுளின் சமாதானம் இருதயத்தைக் காக்கும் என்கிறது. ‘காக்கும்’ என்பதற்கான மூலச்சொல் படைவீரரின் காவலைச் சுட்டுவது. பாரம் நீங்காத இரவிலும் மனம் காவலின்றி விடப்படுவதில்லை என்பதே இதன் ஆழ்ந்த ஆறுதல்.