வெங்கிணாந்தி: உடல் வெப்பமும் அடைகாத்தலும்

ஈழத்தில் வெங்கிணாந்தி என்றும் தமிழகத்தில் மலைப்பாம்பு என்றும் வழங்கும் பைத்தன் மொலூரஸ், இலங்கைப் பாம்புகளிலேயே பெரியது. நஞ்சில்லாதது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று முழுதாக விழுங்கும். வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் காடுகளிலும் குளக்கட்டுப் பற்றைகளிலும் வயலோரங்களிலும் வாழ்கிறது. கோழிக்கூட்டுக்குள் புகுந்து, விழுங்கிய கோழியின் பருமனால் திரும்பி வெளியேற முடியாமல் அகப்படுவதும் உண்டு.

மற்றப் பாம்புகளைப் போலவே இதுவும் உடற்சூட்டைச் சூழலிலிருந்து பெறுகிறது. உடல் 30 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும்போது செரிமானம் நன்றாக நடக்கும். இரை எடுத்த பின் குளிரில் அகப்பட்டால் அந்த இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும்; பாம்பு அதைக் கக்கிவிடும். ஆகவே வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே மாறிமாறிப் போய்வருவது அதன் அன்றாட வேலை. வன்னியில் மாரி ஓய்ந்த தை மாத விடியல்களில் வெப்பநிலை 21, 22 பாகைக்கு இறங்கும். கோடைப் பகலில் 34ஐத் தாண்டும். குளிருக்கு வெயில் காயும் அதே பாம்பு, கோடையில் பொந்துகளிலும் மரவேர் இடுக்குகளிலும் குளத்து நீரிலும் ஒதுங்கும். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் சு. பூபதி நடத்திய ஆய்வுகள், முள்ளம்பன்றி தோண்டிய வளைகளில் மலைப்பாம்புகள் குளிர்காலத்தைக் கழிப்பதையும், வளைவாயிலில் வெயில் காய்வதையும் பதிவு செய்தன.

உடற்சூட்டைச் சூழலிலிருந்தே பெறும் விதியை அடைகாக்கும் பெண் பாம்பு மட்டும் மீறுகிறது. முட்டைகளைக் குவித்து, அவற்றின்மேல் உடலைச் சுருள்சுருளாக அடுக்கி, உச்சியில் தலையை வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ இரண்டு மாதம் பெரும்பாலும் இரையின்றியே கிடக்கும். சூழல் குளிர்ந்தால் தசைகளைச் சுண்டிச் சுண்டி இறுக்கும். கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கே உடல் துடிப்பது தெரியும். அந்தத் தசைவேலையால் எழும் சூடு முட்டைகளுக்குப் போகும். வெயில் ஏறியதும் சுருளைத் தளர்த்தும்.

இந்தியாவில் இதைக் கண்டதாக லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பயணி 1830களில் சொன்னபோது பாரிஸ் அறிஞர்கள் நம்ப மறுத்தனர். 1841இல் பாரிஸ் அருங்காட்சியகத்தில் அடைகாத்த ஒரு பர்மிய மலைப்பாம்பின் சூட்டை விலங்கியலாளர் வலென்சியென் அளந்து, அவர் கண்டது மெய் என்று காட்டினார். 1966இல் ஹட்சிசன், டௌலிங், வினிகர் மூவரும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது: சூழல் 33 பாகைக்குக் கீழே இறங்கியதும் துடிப்பு தொடங்கியது, குளிர் கூடக்கூட ஒட்சிசன் நுகர்வும் கூடியது. சாதாரணப் பாம்பில் குளிர் கூடினால் அந்நுகர்வு குறையும். இங்கே தாய் தன் உடற்கொழுப்பை எரித்து முட்டைகளுக்கு வெப்பம் கொடுக்கிறது. உயிரியலில் இதைவிட வியப்பான தாய்மை குறைவு.

வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே மாறும் வாய்ப்பைக் கூட்டுக்குள்ளும் தர, குளிர்நாடுகளில் மலைப்பாம்பு வளர்ப்போர் கூட்டின் ஒரு முனையை 31 முதல் 33 பாகையிலும் மறுமுனையை 25 முதல் 27 பாகையிலும் வைப்பார்கள். கூடு முழுவதும் ஒரே சூடாக இருந்தால் பாம்புக்கு நகர்ந்து தேர்வதற்கு எதுவும் இல்லை. வெப்பத் தகட்டுக்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம். மலைப்பாம்பின் உதட்டுக் குழிகள் தொலைவிலுள்ள எலியின் உடற்சூட்டையே உணர்பவை. ஆனால் அடிவயிறு சூடேறிய தகட்டில் வெந்துபோகும்போதும் அது விலகாமல் கிடப்பதுண்டு.

இலங்கையில் இப்பாம்பு சட்டப் பாதுகாப்புப் பெற்றது. வீட்டில் வளர்க்க இடமில்லை. அது சரியான ஏற்பாடு. வன்னியில் மனிதர் கையில் அகப்படும் வெங்கிணாந்திக்குப் பெரிய ஆபத்து குளிரன்று, சூடு. உரப்பையில் கட்டி முற்றத்து வெயிலில் போட்டாலோ, தகரக் கூரையின் கீழ் இரும்புக் கூட்டில் அடைத்தாலோ, ஒதுங்க இடமின்றி அது விரைவில் இறந்துவிடும். வனஜீவராசிகள் திணைக்கள அலுவலர் வரும்வரை காற்றோட்டமான பையில் மரநிழலில் வைத்திருப்பதே முறை.

காணி துப்புரவாக்கும்போது அடைகிடக்கும் தாயைக் கண்டால் அந்தப் பற்றையை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள நிலத்தில் வேலை செய்யலாம். குஞ்சு பொரித்ததும் தாய் போய்விடும். தாய் கொல்லப்பட்டு முட்டைகள் மிஞ்சினால், அவற்றை உருட்டக்கூடாது. கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டி வளர்வதால், புரட்டிய முட்டை கெடக்கூடும். மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு, கிடந்த கிடையிலேயே ஈரப்பதமான மணலிலோ தும்பிலோ பதித்து, 31, 32 பாகையில் நிழலில் வைத்துத் திணைக்களத்திடம் ஒப்படைக்க வேண்டும்.