விலைவீழ்ச்சியும் நிலக் கைமாற்றமும்: கீழ்ப் பர்மாவில் நகரத்தார் வங்கித்தொழில், 1930–1937

ஆய்வுச்சுருக்கம்

1930க்கும் 1937க்கும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் வசமிருந்த நிலம் 6 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்ந்தது. இதனைத் திட்டமிட்ட நிலப் பறிப்பாகக் காணும் கருத்து அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது. ஆண்டுவாரியான நிலப் புள்ளிவிவரங்களை நெல் விலை, நாணயக் கொள்கை, வங்கிச் சட்டம் ஆகியவற்றோடு இணைத்து நோக்கும் இக்கட்டுரை, இக்கைமாற்றம் அடிப்படையில் ஒரு பணவியல் நிகழ்வு என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நாட்டுக்கோட்டை நகரத்தார், கீழ்ப் பர்மா, பெருமந்தம், நாணய மாற்று விகிதம், வேளாண் கடன்

முன்னுரை

1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. ஐராவதிக் கழிமுகத்தின் காடும் சதுப்பும் நெல் வயல்களாயின. காடு திருத்தவும் மாடு வாங்கவும் அறுவடைக் கூலி கொடுக்கவும் உழவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கிகள் அவனை அணுகவில்லை. அவ்விடத்தை நிரப்பியவை செட்டிநாட்டிலிருந்து சென்ற வட்டிக்கடைகள்.

1929–30இல் பணியாற்றிய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, நகரத்தாரின் கடன் முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அதில் சுமார் மூன்றில் இரு பங்கு வேளாண்மையில் முடங்கியிருந்தது. முதலின் பெரும்பகுதி நகரத்தாரின் சொந்தப் பணம். எஞ்சியவற்றுள் உறவினரும் பிறரும் வைத்த வைப்புகள் முக்கியமானவை. நடப்பு வட்டி, தவணை வட்டி என வைப்புகளுக்குத் தனித்தனி வீதங்கள் இருந்தன. பர்மியக் கடன்காரர்கள் வாங்கிய வட்டி பொதுவாக நகரத்தாரின் வட்டியைவிட மிகுதி என்பதும், அவர்களுள் பலர் நகரத்தாரிடமே கடன்பெற்று மறுகடன் கொடுத்தனர் என்பதும் அக்குழு கண்ட செய்திகள்.

நிலப் புள்ளிவிவரங்கள் காட்டுவது

கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் பயன்பாட்டிலிருந்த நிலம் 92.49 இலட்சம் ஏக்கர். அதில் நகரத்தார் வசமிருந்தது 5.70 இலட்சம் ஏக்கர் மட்டுமே. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தொழிலுக்குப் பின்னரும் அவர்தம் பங்கு 6 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அவ்வளவு 1931இல் 8.06, 1932இல் 13.67, 1933இல் 17.82, 1934இல் 21.00 இலட்சம் ஏக்கர் என உயர்ந்தது. 1937இல் 24.46 இலட்சம் ஏக்கரை எட்டியது.

இவ்வரிசையில் இரு கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, காலம். ஏழாண்டு உயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் நான்காண்டுகளுக்குள் நிகழ்ந்தது. 1934க்குப் பின் ஆண்டு உயர்வு படிப்படியாகக் குறைந்து 1937இல் அரை இலட்சம் ஏக்கரளவில் நின்றது. நில ஆசையே காரணமாயின், அது 1930 வரை ஏன் உறங்கிக் கிடந்தது, 1935க்குப் பின் ஏன் தளர்ந்தது என்னும் வினாக்களுக்கு விடையில்லை. இரண்டாவது, பங்கீடு. வேளாண்மை செய்யாத பிற உடைமையாளர்களின் நிலம் இதே காலத்தில் 23.73 இலட்சத்திலிருந்து 24.83 இலட்சம் ஏக்கராக மட்டுமே கூடியது. உழவர் இழந்த நிலம் இடைநிலைக் கடன்காரரிடம் தங்காமல், கடன் சங்கிலியின் இறுதியில் நின்ற நகரத்தாரிடம் வந்து சேர்ந்தது எனக் கொள்ள இது இடந்தருகிறது.

விலையும் கடனும்

1930ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நெல் விலை சரியத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் அது 1920களின் நிலையில் பாதிக்கும் கீழாயிற்று. கடனோ ரூபாயில் எழுதப்பட்டது. விலையோடு சேர்ந்து அது குறைவதில்லை. விலை பாதியானால் அதே கடனை அடைக்க உழவன் இருமடங்கு நெல் அளக்க வேண்டும். ஒவ்வொருவரும் கடன் தீர்க்க விற்க முற்படுவதே விலையை மேலும் தாழ்த்திக் கடன்சுமையை ஏற்றும் என்பதை அமெரிக்கப் பொருளியலறிஞர் இர்விங் ஃபிஷர் 1933இல் ஒரு கோட்பாடாக முன்வைத்தார். நெல்லின் விலை உலகச் சந்தையில் உறுதியானதால் பர்மாவில் இவ்விளைவு நெல்லைவிட நிலத்தின் விலையிலேயே கடுமையாக வெளிப்பட்டது எனலாம். ஈடு வைத்த நிலத்தின் மதிப்பு கடனுக்குக் கீழே சென்றபின், நிலத்தை ஏற்பதன்றிக் கடன் கொடுத்தவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

தலைவரியும் பணத்தில் நிலையாக விதிக்கப்பட்டிருந்தது. 1930 டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் வெடித்த கிளர்ச்சியை இப்பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

நாணயக் கொள்கையின் பங்கு

ஹில்டன் யங் ஆணையத்தின் பரிந்துரைப்படி, 1927இல் ரூபாயின் மாற்று விகிதம் 1 ஷில்லிங் 6 பென்சாக நிலைநிறுத்தப்பட்டது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் பொன் திட்டத்தைக் கைவிட்டபோதும், ரூபாய் ஸ்டெர்லிங்குடன் அதே விகிதத்தில் பிணைக்கப்பட்டது. விகிதத்தைக் காக்க அரசு பணப்புழக்கத்தைச் சுருக்கியது.

இவ்விகிதத்தின் விளைவை மிகைப்படுத்தலும் கூடாது. லண்டனில் 144 பென்சுக்கு விற்ற அரிசி, 18 பென்சு விகிதத்தில் 8 ரூபாயாகும். இந்திய வணிகர்கள் கோரிய 16 பென்சு விகிதத்தில் 9 ரூபாயாகும். வேறுபாடு எட்டில் ஒரு பங்கு. பாதிக்கு மேற்பட்ட வீழ்ச்சியை இது ஒன்றே விளக்காது. எனினும் விகிதம் அசையாதிருந்தமையால் சரிசெய்தலின் முழுச் சுமையும் உள்நாட்டு விலை, கூலி, கடன் ஆகியவற்றின் மீதே விழுந்தது.

இறுதிநிலைக் கடன் வழங்கும் அமைப்பும் இல்லை. இம்பீரியல் வங்கி அசையாச் சொத்தின் ஈட்டில் கடன் கொடுப்பதை அதன் சட்டம் தடுத்தது. 1935 ஏப்ரலில் செயல்படத் தொடங்கிய ரிசர்வ் வங்கிக்கும் அத்தகைய தடையே இருந்தது. சுதேசி வங்கியாளர்களைத் தன்னுடன் இணைக்க அவ்வங்கி 1937இல் வகுத்த திட்டமும், வங்கியல்லாத தொழில்களைக் கைவிட வேண்டுமென்ற நிபந்தனையால் ஏற்கப்படவில்லை. ஆகவே நிலமாக உறைந்த முதலைப் பணமாக மாற்றும் வழி எங்கும் திறக்கவில்லை. அதே 1937இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒருசேரக் கிளை திறந்தது. குடும்ப நம்பிக்கையின் மீது நின்ற வட்டிக்கடையிலிருந்து பங்கு மூலதன வங்கிக்கு நகரும் போக்கின் அடையாளமாக இதனைக் கொள்ளலாம்.

தொழிலாளர் சந்தை

1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் இந்தியர் 10 இலட்சத்துக்கும் சற்று மிகுதி. ரங்கூன் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் உழைத்தோருள் தெலுங்கர் பலர். 1930 மே மாதத்தில் துறைமுக வேலைநிறுத்தத்தின்போது பர்மியர் பணியிலமர்த்தப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. இது விலைவீழ்ச்சிக்கு முந்தையது. ஆதலின் மந்தத்தின் விளைவெனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் நிலமிழந்த உழவர் கூலி வேலையை நாடத் தொடங்கியதும், முன்பே இருந்த இப்போட்டி கூர்மையடைந்தது. கடன் கொடுத்த தமிழரும் சுமை தூக்கிய தெலுங்கரும் நலனால் வேறுபட்டோர். ஆயினும் அரசியல் மேடையில் இருவரும் 'இந்தியர்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கினர்.

முடிவுரை

நிலம் பெற்றதனால் நகரத்தார் செழித்தனர் என்பதை ஆதாரங்கள் ஆதரிக்கவில்லை. ஐந்தொகையில் வரவாகத் தோன்றிய நிலம், உண்மையில் வசூலாகாத கடனின் மறுவடிவம். அந்நிலமும் 1942இன் போர் இடப்பெயர்வாலும் 1948இன் நில நாட்டுடைமைச் சட்டத்தாலும் அவர்களிடமிருந்து நீங்கியது. அதேவேளை, தான் திருத்திய வயலிலேயே குத்தகைக்காரனாகிவிட்ட பர்மிய உழவனின் இழப்பு, கடன் கொடுத்தவர் அதை விரும்பவில்லை என்பதால் சிறிதும் குறைவதில்லை. இருதரப்பு இழப்பையும் ஒருங்கே விளக்குவது, பணத்தில் எழுதப்பட்ட கடன், அசையாத மாற்று விகிதம், கைகொடுக்கும் மைய வங்கியின்மை என்னும் மூன்றின் சேர்க்கையே. அம்மூன்றையும் தீர்மானித்தவர்கள் செட்டிநாட்டிலும் இல்லை. ஐராவதிக் கழிமுகத்திலும் இல்லை.