இருசமபக்க முக்கோணமும் சைனும்

இருசமபக்க முக்கோணத்தின் பக்கங்களுக்குள்ள உறவைக் கோணவியலால் நிறுவ, உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்து இறக்குவார்கள். உச்சிக்கோணமும் அடிப்பக்கமும் சரிபாதியாகும். அடிப்பக்கம் அ, சமபக்கம் ப என்றால், அ = 2ப × சைன் (உச்சிக்கோணத்தில் பாதி).

கோணவியலே இந்த முக்கோணத்தில் பிறந்ததுதான். வட்டத்தின் இரண்டு ஆரங்களும் அவற்றை இணைக்கும் நாணும் சேர்ந்தால் இருசமபக்க முக்கோணம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி 60 அலகு ஆரத்துக்கு, அரைப் பாகைக்கு ஒன்றாக முழு நாண்களைக் கணித்து அட்டவணை இட்டார். 499இல் ஆரியபட்டர் சைனுக்கு மூலமான அரைநாண்களைத் தந்தார்: 3438 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஆரம், 225 கலை இடைவெளியில் 24 மதிப்புகள். அதில் 30 பாகைக்கு உரியது 1719, ஆரத்தில் சரிபாதி.

எந்த முக்கோணத்திலும் பக்கங்கள் எதிர்க்கோணங்களின் சைன்களுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது சைன் விதி. தமிழ் மண்ணில் அது வெயிலில் வேலை பார்த்தது 1802இல். பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். பிறகு பெரும்பாலும் கோணங்களை அளந்தே தொலைதூரப் பக்கங்களைக் கணக்கிட்டார். இன்று பதினொன்றாம் வகுப்புக் கணிதம் படிப்பவருக்கும் அதே விதிதான் பாடம்.

இரு கோணங்கள் சமமானால் எதிர்ப்பக்கங்களும் சமம் என்று அவ்விதி ஒரே வரியில் சொல்லிவிடும். ஆனால் யூக்ளிட் சைன் இல்லாமலே நிறுவிய செய்தி அது. அதற்கு இவ்வளவு ஆயுதம் வேண்டியதில்லை. கோணவியலின் கைவரிசை தெரிவது உச்சிக்கோணம் 20 பாகையாக இருக்கும்போது. அப்போது அ³ + ப³ = 3அப².

நிறுவல் சிறியது. சைன் 10° = அ/2ப. மும்மடங்குக் கோண விதிப்படி சைன் 30° = 3 சைன் 10° − 4 சைன்³ 10°. இடப்பக்கம் 1/2; வலப்பக்கத்தில் அ/2ப-ஐப் பிரதியிட்டு, இருபுறமும் 2ப³-ஆல் பெருக்கினால் ப³ = 3அப² − அ³.

இதே மும்மடங்குக் கோண விதியைக் கொண்டுதான் பதினைந்தாம் நூற்றாண்டில் சமர்கந்தின் அல்-காஷி, 3 பாகையின் சைனிலிருந்து 1 பாகையின் சைனைப் பிழிந்தெடுத்தார். 60 பாகையை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு மூன்று சமபங்காகப் பிரிக்க இயலாது என்று 1837இல் வான்ட்செல் நிறுவினார். ஆகவே இந்த 20 பாகை முக்கோணத்தை வரைய மாணவர் பாகைமானியைத்தான் எடுக்க வேண்டும்.